பீற்றர் சொன்ன கூச்சம்

ஆண்குறிக்குள் தண்டு வைக்கும் சத்திரசிகிச்சையில் சிக்கல்கள் வராமல் தடுப்பது எப்படி என்று எழுதித் தரும்படி இளம் சத்திரசிகிச்சை வைத்தியர்களான நீங்கள் கேட்டு மூன்று மாதமாகிவிட்டது. இதோ, அதோ என்று உங்களை இழுத்தடித்தேன். உண்மையைச் சொன்னால், எழுத உட்கார்ந்தபோதெல்லாம் ஒரே ஒரு மனிதரின் முகம் வந்து நின்றது. அவரை விட்டுவிட்டு எழுத மனம் வரவில்லை. அவரையும் சேர்த்து எழுதத் துணிவும் வரவில்லை. நேற்று மேசையைத் துப்புரவாக்கியபோது உங்கள் கடிதம் திரும்பவும் கையில் அகப்பட்டது. இனிச் சாட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கே வெட்டுவது, எவ்வளவு விரிப்பது, எந்த நூலால் தைப்பது என்பதெல்லாம் இதில் இராது. அவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். உங்கள் கைகளும் என் கைகளைவிட நல்ல கைகள், பொறாமையோடுதான் சொல்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தாலோ முள்ளந்தண்டுக் காயத்தாலோ விறைப்பு இல்லாமற் போனவர்கள் வன்னியில் குறைவில்லை. வாய் திறப்பவர்கள்தான் குறைவு. மாத்திரையும் ஊசியும் பலன் தராதவர்களுக்கு ஆண்குறியின் இரண்டு பக்கமும் வளையக்கூடிய தண்டு ஒவ்வொன்றை உள்ளே வைக்கிறோம். வைப்பது ஒரு மணித்தியால வேலை. அதற்குப் பிறகு அந்தத் தண்டுகள் ஒரு மனிதரின் உடம்புக்குள் வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டும். கிருமி புகுந்தால் போயிற்று. அளவு கூடினால் நுனியை அரித்துக்கொண்டு வெளியே வரும். அவ்வளவுதான் பாடம். மிச்சம் எல்லாம் நாங்கள் எப்போது நிறுத்துகிறோம், எதைக் கவனிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

நிறுத்துவதை எனக்குப் பழக்கிய மூத்த சத்திரசிகிச்சை நிபுணர் சொற்பமாகப் பேசுகிறவர். அவரிடம் உதவிக்கு நின்ற காலத்தில் ஒருநாள், இரண்டாவது பக்கத்தை விரித்துக்கொண்டிருந்தபோது கருவி நுனியில் திடீரென்று இலகுவாகப் போயிற்று. அவர் மருந்துநீரை உள்ளே பீச்சிப் பார்த்தார். சிறுநீர் வருகிற துவாரத்தால் அது வெளியே வந்தது. சிறுநீர்வழியில் ஓட்டை விழுந்துவிட்டது. அவர் கருவியைத் தட்டில் வைத்தார்.

"முடிஞ்சுது. தைப்பம்."

"சேர், மற்றப் பக்கத்துக்காவது வைக்கலாம்தானே?" என்று கேட்டேன்.

"வைக்கலாம். வைச்சிட்டு நீர் வீட்டை போய் நல்லா நித்திரை கொள்ளுவீர். அந்த மனுசனுக்கு ஏலாது."

மயக்கம் தெளிந்ததும் நோயாளி அவரைத் திட்டிய திட்டு வாட்டு முழுக்கக் கேட்டது. அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். மாதங்கள் கழிய அதே ஆளுக்குத் திரும்பச் செய்தார், சரிவந்தது. நான் அன்றைக்கு அவரைக் கோழை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்க இன்றைக்கு அவர் உயிரோடு இல்லை.

எனக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. ஒட்டுசுட்டானிலிருந்து வந்த கமக்காரர் ஒருவர், வயலில் யானைக் காவலுக்கு ஆள் பிடித்து வைத்துவிட்டு வந்து மேசையில் படுத்திருந்தார். மயக்க மருந்து வைத்தியர் ஆயத்தமாக நின்றார். துணியை விலக்கிய தாதி, "டொக்டர், இதைப் பாருங்கோ" என்றார். உள்தொடையில் ஒரு சீழ்க்கட்டு. திகதி தவறிப்போகும் என்ற பயத்தில் மனிதர் அதை மூச்சுவிடாமல் மறைத்திருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தண்டுகள் கொழும்பிலிருந்து வரவே எத்தனையோ மாதம் காத்திருந்தோம். நான் அவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பினேன். கட்டு ஆறி, அறுவடையும் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். வந்தும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை.

இவற்றைச் சொல்வது பெருமைக்குத்தான், மறைக்கவில்லை. நான் கவனமான ஆள் என்று எனக்கு நல்ல எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்தோடு இருந்தபோதுதான் பீற்றர் வந்தார்.

பீற்றர் என்பது நான் வைத்த பெயர். முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்கிற வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; நாற்பத்தைந்து வயதிருக்கும். சீனி வருத்தம் பத்து வருடமாக. முதல் நாள் வந்து கதிரையில் இருந்தவர், கால் மணித்தியாலம் கடலைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும் கதைத்தார். நான் பொறுமையிழந்து, "பீற்றர், எனக்கு மீன் விக்கிற யோசனையோ?" என்று கேட்ட பிறகு சிரித்தார். பிறகு அழுதார்.

மூன்று வருடமாக அவர் வீட்டில் படுக்கவில்லை. வலைகளும் இயந்திரமும் வைக்கிற வாடி கடற்கரையில் இருந்தது, ஓலைக் கொட்டில். வலையைக் களவெடுக்கிறார்கள், காவல் இருக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அங்கேயே படுத்தார். களவும் இல்லை, ஒன்றும் இல்லை.

"பக்கத்தில படுத்திட்டு மற்றப் பக்கம் திரும்பிக் கிடக்க என்னால ஏலாது டொக்டர். அவா ஒண்டும் கேக்கமாட்டா. கேக்காமல் இருக்கிறதுதான் எனக்குப் பெரிய ஆக்கினை. இது சரிவந்தால் நான் வீட்டை போவன்."

இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி தன் தேவையைச் சொல்லி நான் கேட்டதில்லை. மாத்திரை சரிவரவில்லை. ஊசியும் சரிவரவில்லை. தண்டு வைப்பதென்று முடிவெடுத்தோம். சீனியைக் கட்டுப்படுத்த எட்டு மாதம் எடுத்தது. கடலுக்குப் போகிறவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு ஏது? ஆனாலும் மனிதர் செய்தார். தேநீரில் சீனியை விட்டார், பிறகு தேநீரையே விட்டார்.

சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. நடந்தது என்ன, என் வாழ்நாளில் செய்தவற்றில் அது நல்லதொன்று. கூடத்தின் கதவை ஒருவரும் திறக்கக்கூடாதென்று ஆள் நிறுத்தினேன். தண்டைத் தொடுமுன் எல்லோரும் கையுறை மாற்றினோம். இடப்பக்க நுனி கொஞ்சம் மெல்லியதாகத் தெரிந்தது. பீச்சிப் பார்த்தேன்; ஓட்டை இல்லை. இரண்டு அளவுகளுக்கிடையில் தடுமாற்றம் வந்தபோது குறைந்ததைத் தெரிந்தெடுத்தேன். முடிந்ததும் என் கையாலேயே குறிப்பில் எழுதினேன்: இடப்பக்க நுனி மெல்லியது, கவனிக்கவும்.

ஆறு வாரம் கழித்து வந்தபோது பீற்றரின் முகமே வேறு. உறுதியாக இருக்கிறது, புண் ஆறிவிட்டது, இனி நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றேன். நான் சொன்னது ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்கு. அவர் விளங்கிக்கொண்டது வாடியிலிருந்து. அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அடுத்த கிளினிக் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்தது. பாதிப் பேர் லீவு. மிச்சப் பாதி எப்போது போகலாம் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே வாங்குகள் நிறைந்து ஆட்கள் நிலத்திலும் இருந்தார்கள். என்னோடு பயிற்சிக்கு வந்த இளம் பெண் வைத்தியர்கள் இருவர் நின்றார்கள். ஒரு தாதி. பீற்றர் உள்ளே வந்தார், கதிரை நுனியில் இருந்தார், சாரத்தின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

"என்னண்டு இருக்கிறியள் பீற்றர்?"

"நல்லா இருக்கு டொக்டர். எண்டாலும்..." அந்தப் பெண்களை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "கொஞ்சம் கூச்சமாக் கிடக்கு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மகள் வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் முன்னால் சாரத்தை அவிழ்க்க எந்த ஆம்பிளைக்குத்தான் கூசாது?

"பறவாயில்லை, இண்டைக்குப் பாக்கத் தேவையில்லை. எல்லாம் நல்லாத்தானே இருக்கு? அடுத்த முறை வாங்கோ, ஆறுதலாப் பாப்பம்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "அப்ப இது பறவாயில்லையோ டொக்டர்?"

"ஒண்டும் யோசிக்காதேங்கோ. போகப் போகச் சரிவரும்."

கும்பிட்டுவிட்டுப் போனார். நான் அந்தப் பெண் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்து, நோயாளியின் மானத்தைக் காப்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான் என்று ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தேன். ஒரு பிள்ளை அதைக் கொப்பியில் எழுதியும் கொண்டது. அந்தப் பக்கத்தை அது கிழித்திருக்க வேண்டும் என்று இப்போது விரும்புகிறேன்.

மூன்று வாரம் கழித்து பீற்றரை மனைவி முச்சக்கர வண்டியில் கூட்டிவந்தார். காய்ச்சல். சிறுநீர் கழிக்க எரிவு. நான் சாரத்தை விலக்கிப் பார்த்தேன். இடப்பக்கத் தண்டின் நுனி சிறுநீர்த் துவாரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. சீழும் இருந்தது.

எனக்கு வந்தது கோபம். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும், உங்களில் பலருக்கு அது தெரியும். "இவ்வளவுக்கு விட்டிட்டு வந்திருக்கிறியளே! ஒரு நோ, ஒரு எரிவு எண்டாலும் முதலே சொல்லியிருக்கக்கூடாதோ?" என்று கத்திவிட்டேன்.

பீற்றர் என்னைக் குழப்பத்தோடு பார்த்தார். "நான் சொன்னனான்தானே டொக்டர். கூச்சமாக் கிடக்கு எண்டு. நீங்கள்தான் சரிவரும் எண்டு சொன்னீங்கள்."

"நான் நினைச்சன், அந்தப் பிள்ளையளுக்கு முன்னால உங்களுக்கு..." என்று தொடங்கினேன். முடிக்க முடியவில்லை.

கட்டிலருகே நின்ற மனைவிதான் முடித்தார். றெஜினா என்று வைத்துக்கொள்வோம். மெலிந்த, குரல் உயர்த்தாத பெண். "வெக்கமெண்டால் இவர் வெக்கம் எண்டெல்லோ சொல்லுவார் டொக்டர்? நுனியில கூசுது, சாரம் முட்டினாலும் கூசுது எண்டு வீட்டையும் சொன்னவர். நான்தான் டொக்டரிட்டப் போய்ச் சொல்லுங்கோ எண்டு அனுப்பினனான்."

பல் கூசுகிறது என்கிறோம். கண் கூசுகிறது என்கிறோம். சிறுவயதிலிருந்து எனக்குத் தெரிந்த சொல்தான். சீனி வருத்தத்தால் உணர்ச்சி மங்கிய ஒருவருக்கு, நுனியைத் தண்டு உள்ளிருந்து தேய்க்கும்போது நோவு வராது, கூச்சம்தான் வரும். அதைவிடச் சரியான சொல் வேறு இல்லை. மனிதர் நோயைத் துல்லியமாகச் சொன்னார். நான் அதை அவருடைய குணமாக எடுத்துக்கொண்டேன். என் கையெழுத்தில் இருந்த குறிப்பு, திறக்காத நோயாளிக் கோவைக்குள், மேசையில் எனக்கு முன்னால்தான் கிடந்தது.

அன்றைக்கு நான் ஒரு திரையை இழுத்துவிட்டு, பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு, விரலால் ஒருதரம் தொட்டுப் பார்த்திருந்தால் போதும். தோல் மெலிந்திருப்பது தெரிந்திருக்கும். கிருமி வருமுன் திறந்து, நுனிக்குப் புதிதாக ஓர் இடம் செய்து, தண்டைக் காப்பாற்றியிருக்கலாம். இரண்டு நிமிட வேலையை மரியாதை என்ற பெயரில் விட்டேன். அவசரம் என்று சொல்லியிருந்தாலாவது நேர்மையாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரமே கழற்ற வேண்டியிருந்தது. சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பீற்றர் என் கையைப் பிடித்தார்.

"ஒண்டையாவது விடுங்கோ டொக்டர். வலப்பக்கம் நல்லாத்தானே இருக்கு. ஒண்டு இருந்தாலும் சமாளிப்பன்."

இதைத்தான் நான் உங்களுக்கு மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டும். குற்றம் செய்த கையிடம் இரங்கச் சொல்லிக் கேட்டால், அது எதையும் கொடுத்துவிடும். கொடுத்தால் அவருக்கு ஆறுதல், எனக்கு அதைவிடப் பெரிய ஆறுதல். உள்ளே திறந்தபோது வலப்பக்கம் பார்வைக்குச் சுத்தமாகவே இருந்தது. தாதி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீழ் பட்ட இடத்தில், சீனி வருத்தக்காரரின் உடம்பில், ஒரு தண்டை விட்டால் அது ஒரு கிழமையில் அவரையே விழுத்தலாம். இரண்டையும் எடுத்தேன். கழுவினேன், கழுவினேன், தேவைக்கு மேலேயும் கழுவினேன். அந்த முடிவு சரியானது. அந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டவனும் நானே என்பதால், சரியான முடிவெடுத்த திருப்தி எனக்குக் கிடைக்கவில்லை.

காய்ச்சல் விட்டது. ஆறு மாதம் பொறுத்துத் திரும்ப வைக்கலாம், ஆனால் உள்ளே தழும்பு இறுகியிருக்கும், முந்தினமாதிரி இருக்காது என்று பீற்றரிடம் சொன்னேன். என் பிழைதான் என்றும் சொன்னேன். "உங்களில பிழை இல்லை டொக்டர், என்ர கதை அப்பிடி" என்றார். அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் கால்மாட்டில் நின்று வாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு விடுகிற நாளுக்கு முந்தின நாள், றெஜினா வாட்டுக்கு வெளியே என்னை மறித்தார்.

"டொக்டர், இவர் இனி வாடிக்குத்தான் போவன் எண்டு நிக்கிறார்."

"திரும்ப ஒப்பிறேசன் செய்யலாம் தங்கச்சி. ஆறு மாதம் பொறுங்கோ."

"அதுக்கில்லை." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "எனக்கு இவர் வீட்டில படுத்தால் காணும் டொக்டர். பக்கத்தில கிடந்து அந்தக் கடல் கதையைச் சொன்னால் காணும். மற்றது இருந்தால் என்ன, இல்லாட்டி என்ன. அந்த மூண்டு வருசமும் நான் நினைச்சது வேற பொம்பிளை இருக்கு எண்டு. ஒப்பிறேசனுக்குக் கையெழுத்து வைக்கேக்கதான் விசயமே எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகும் உனக்கு என்ன வேணும் எண்டு ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை."

நான் கேட்கவில்லை. எட்டு மாதமாக ஒவ்வொரு கிளினிக்குக்கும் அவர் வந்து, சீனிக்கு மருந்தெடுக்கத்தான் என்று நம்பி, வெளியே வாங்கில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். மனைவிக்குச் சம்மதமோ என்று பீற்றரிடம் ஒருதரம் கேட்டேன். ஓம் என்றார். அதோடு அந்த வேலை முடிந்தது.

தவறாக விளங்கிக்கொள்ளாதீர்கள். பீற்றருக்குத் தன் உடம்பு வேண்டியிருந்தது, அது அவருடைய உரிமை. மனைவி வேண்டாம் என்றால் செய்யாதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் எதற்காகக் கத்திக்குக் கீழே படுத்தார்? வீட்டுக்குப் போவதற்காக. அந்த வீட்டுக் கதவு முதலிலிருந்தே திறந்துதான் கிடந்தது என்பதை அவருக்குச் சொல்ல எனக்கு எட்டு மாதம் இருந்தது.

"இதை அவரிட்டச் சொல்லுங்கோ" என்றேன்.

"நான் என்னண்டு டொக்டர் வாய் திறந்து சொல்லுறது? நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பார்."

சொன்னேன். இந்தமுறை திரையை இழுத்துவிட்டு, தாதியை அனுப்பிவிட்டு, கதிரையைக் கட்டிலோடு போட்டு இருந்துகொண்டு, றெஜினா சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். பீற்றர் கூரையைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"முதல் சொல்லியிருந்தால் நம்பியிருப்பன் டொக்டர்" என்றார். "இப்ப அவா என்னில இரக்கப்பட்டுச் சொல்லுறா."

அதே வசனம்தான். சத்திரசிகிச்சைக்கு முன்னால் சொல்லியிருந்தால் அது ஒரு மனைவியின் விருப்பம். பிறகு சொன்னதால் அவர் காதுக்கு அது ஆறுதல் வார்த்தையாகப் போயிற்று. நீங்கள் நோயாளியின் உடம்பைத் திறக்குமுன் கேட்க வேண்டியதை மூடிய பிறகு கேட்காதீர்கள். இதைவிட உபயோகமான ஒன்றை இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொள்ளவில்லை.

ஆறு மாதம் கழித்து, பீற்றருக்குக் கொடுத்த திகதியில் றெஜினா தனியாக வந்தார். சீனி மாத்திரைக்குக் கிளினிக் கொப்பியை நீட்டினார். பீற்றர் வரவில்லையா என்று கேட்டேன். கடலுக்குப் போகிறார், வாடியில்தான் படுக்கிறார், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார். நான் மருந்தை எழுதினேன். எழுதி முடிக்கும்வரை நின்றவர், கொப்பியை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"டொக்டர், நான் சொல்லச் சொன்னதை அவரிட்டச் சொன்னீங்களோ?"

"ஓம் தங்கச்சி, சொன்னனான்."

"என்ன சொன்னவர்?"

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். தாதி அடுத்த இலக்கத்தைக் கூப்பிடலாமா என்று என்னைப் பார்த்தார்.

"கேட்டுக்கொண்டிருந்தவர்" என்றேன்.